தூக்கத்தில் கத்துவதை லேசாக விடாதீர்கள்

பார்க்கின்சன் என்றால் கைநடுக்கம்தான் என்று பலர் நினைக்கிறோம், ஆனால் நிறைய பேருக்கு அது தூக்கத்தில்தான் முதலில் தலைகாட்டுகிறது. கனவு வரும் ஆர்இஎம் தூக்கத்தில் தசைகள் செயலற்றுக் கிடக்க வேண்டும். மூளைத்தண்டில் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டால் கனவில் நடக்கும் சண்டைக்கு ஆள் நிஜமாகவே கத்துவார், கையை வீசுவார், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அடி விழும். என் பெரியப்பாவுக்குப் பல வருஷம் இப்படித்தான், கெட்ட கனவு என்றே விட்டுவிட்டார்கள். 2019-இல் வெளியான, 1280 பேரைக் கவனித்த ஆய்வு, இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்கு 12 வருஷத்தில் பார்க்கின்சனோ அதைச் சேர்ந்த நோயோ வரும் வாய்ப்பை 73 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கிட்டது.

சரி, இந்த நோய் வரப்போவது ரத்தப் பரிசோதனையில் தெரியாதா? நியூரோஃபிலமென்ட் லைட் செயின் என்ற புரதம் நரம்பு சிதையும்போது ரத்தத்தில் ஏறும், ஆனால் வயதானாலும் ஏறும், பக்கவாதத்திலும் ஏறும், அதனால் அதை மட்டும் வைத்து இன்ன நோய் என்று சொல்ல முடியாது. பார்க்கின்சனில் மூளையில் திரண்டு சேரும் ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதத்தைத் தேடும் சோதனை முதுகுத்தண்டு நீரில் நன்றாகவே வேலை செய்கிறது. ரத்தத்தில் அதைச் செய்வதுதான் கஷ்டம்.

அப்புறம், ராத்திரி கால் குடைச்சலால் தூக்கம் போனால் ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கலாமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.