வலிப்பு நின்ற பிறகு

மூளையின் மின் அலைகளையும் ஆளையும் ஒருசேரப் பதிவு செய்யும் வீடியோ ஈஈஜி அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு வலிப்பு வருவதில் பெரிய பயமில்லை. அதைப் பதிவு செய்யத்தானே ஆளைப் படுக்க வைத்து, மாத்திரையைக்கூடக் குறைத்து, ராத்திரியெல்லாம் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறோம்! எனக்குப் பயமெல்லாம் அது நின்ற பிறகு வரும் சில நிமிடங்கள்தான்.

கை கால் வெட்டுவது நின்றதும் துணைக்கு இருக்கும் அம்மா "அப்பாடா" என்று உட்கார்ந்துவிடுவார். சில சமயம் அப்போதுதான் திரையில் மூளையின் அலைகள் அத்தனையும் கோடு போட்டதுபோல் படுத்துவிடும். அதற்குள் நர்ஸ் ஆளை ஒருக்களித்துத் திருப்பி, வாயில் தேங்கிய எச்சிலை உறிஞ்சி, ஆக்சிஜன் வைத்திருப்பார். நான் திரையை விட்டுவிட்டு நெஞ்சைத்தான் பார்ப்பேன், ஏறி இறங்குகிறதா என்று. பெரும்பாலும் குறட்டைச் சத்தத்தோடு மூச்சு சீராகிவிடும்.

சிலருக்கு ஆவதில்லை. இப்படிப்பட்ட அறைகளிலேயே நேர்ந்த மரணங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டி 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெரிய வலிப்பு முடிந்த சில நிமிடங்களில் மூச்சும் இதயத்துடிப்பும் தடுமாறி, கடைசியில் மூச்சு முதலில் நின்று, அப்புறம்தான் இதயம் நின்றிருக்கிறது. பெரும்பாலும் இரவில், குப்புறக் கிடந்த நிலையில். வலிப்பு நோயாளிக்கு எதிர்பாராமல் நேரும் இந்தத் திடீர் மரணத்தை மருத்துவர்கள் 'சூடெப்' (SUDEP) என்பார்கள். வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர். பெரிய வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

பயந்துவிடுவார்கள் என்று இதை வீட்டாரிடம் சொல்லாத மருத்துவர்கள் உண்டு. சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி. வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார்கள். ஓரிரு நிமிடத்தில் அது தானாக நிற்கும், பெயர் சாவிக்குப் போகும். அப்புறம் "அசதி, தூங்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறார்கள். கூடவே இருக்க வேண்டிய நேரம் அதுதான் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்?

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பையன் ஒருவன், ரூம்மேட்டுக்கே தெரியாமல் மாத்திரை போட்டுவந்தவன், டிஸ்சார்ஜ் அன்று அவனையே அழைத்து வந்தான். எப்படித் திருப்புவது, முகத்தை எப்படி வைப்பது, எப்போது 108-ஐக் கூப்பிடுவது என்று காலிக் கட்டிலில் செய்து காட்டினேன்.

"நான் தூங்கிட்டா என்னண்ணே பண்றது?" என்றான் அந்த நண்பன்.

"தூங்குங்க தம்பி. படுக்கும்போது மாத்திரை போட்டானான்னு மட்டும் கேளுங்க. கட்டிலைப் பக்கத்துல இழுத்துப் போட்டுக்குங்க, சத்தம் கேக்கும்" என்றேன்.