பிளாஷ்பேக்குக்கு ஏன் மஞ்சள்?

தொலைக்காட்சித் தொடரில் ஒரு தாய் தன் இளமைக் காலத்தை நினைக்கத் தொடங்கினால் போதும். திரையின் ஓரங்கள் மங்கி, நடுவில் மஞ்சள் பரவி, புல்லாங்குழலும் சேர்ந்துகொள்ளும். இப்போது வருகிற சில தொடர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஃபிலிமின் துகள்களையும் கீறல்களையும் ஓரத்தில் கசிகிற செவ்வொளியையும் கணினியில் சேர்த்துப் பழைய காலத்தைக் காட்டுகின்றன. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு தொடர்களை ஒட்டியே நடப்பதால், இந்த மஞ்சள் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. ஆச்சிக்குத்தான் பழகவில்லை. “ஏம்ல, அந்தக் காலம்னா எல்லாம் மஞ்சளாவா இருந்துச்சு? எங்களுக்கெல்லாம் காமாலையா புடிச்சிருந்துச்சு?” என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

நியாயமான கேள்வி. எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்த அத்தை கல்யாணத்தின் ஆல்பம் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பக்கங்களுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தாளை விலக்கிப் பார்த்தால், மணமேடை, வாழைமரம், மாமாவின் வேட்டி என எல்லாவற்றிலும் சிவப்பு ஏறியிருக்கிறது. கிளிப்பச்சை என்று ஆச்சி சத்தியம் செய்கிற முகூர்த்தப் பட்டு, காய்ந்த வாழைச்சருகின் நிறத்துக்கு வந்துவிட்டது. இதற்குக் காரணம் காலத்தின் மர்மம் எதுவுமில்லை. கலர் பிரிண்டில் படம் நிற்பது மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சியான் (பச்சை கலந்த நீலம்) என்ற மூன்று சாயங்களில். அந்நாளைய தாள்களில், பெட்டிக்குள் இருட்டில் கிடந்தாலும் சியான் முதலில் வெளிறிவிடும். பச்சை என்பது மஞ்சளும் சியானும் சேர்ந்தது. சியான் போனபின் பச்சைக்கு எங்கே போவது? மிஞ்சுவது மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்த சிவப்புதான். ஆகவே, பழைய படத்தைப் போலக் காட்ட வேண்டுமென்றாலும் தொடர்கள் பூச வேண்டியது மஞ்சளை அல்ல, சிவப்பை.

கலர் ஃபிலிமின் மீது எனக்குள்ள பிடிப்பு இந்த வெளிறலால் வந்ததன்று. அது வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும் விதத்தால் வந்தது. ஃபிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளுக்குத் தனித்தனி அடுக்குகள் உண்டு. கலர் நெகட்டிவ் ஃபிலிமைக் கழுவ 1972இல் வந்த சி-41 முறையில், 37.8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மூன்றேகால் நிமிடம் ரசாயனத்தில் கழுவும்போது, வெள்ளி உப்பு கறுக்கும் இடங்களில் சாயம் உருவாகிறது; பிறகு வெள்ளி முழுவதும் வெளியேறி, சாயம் மட்டும் தங்குகிறது. சாதாரண ஃபிலிம் ரோல் பகல் வெளிச்சத்துக்கென்று செய்யப்பட்டது. மண்டபத்துக்குள் வந்துவிட்டோம் என்று அது தன்னைத் திருத்திக்கொள்ளாது. அதனால் பிளாஷ் எட்டாத பின்சுவர் டியூப் லைட்டில் பச்சையாகவும், வீடியோ லைட் விழுந்த கன்னம் ஆரஞ்சாகவும் ஒரே படத்தில் பதிந்துவிடும். கலர் லேபில் பிரிண்ட் போடுகிறவர் முகத்தைச் சரிசெய்தால் சுவர் இன்னும் கெடும். அன்று இதைக் குறை என்றார்கள். எனக்கோ அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்தால்தான் மண்டபத்தின் புழுக்கம் நினைவுக்கு வருகிறது.

தொடர்களை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு நான் சேர்வதில்லை. அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டே பாதியைக் காதால் மட்டும் பின்தொடர்கிற ஒருத்திக்கு, இசை உரக்கத்தான் ஒலிக்க வேண்டும். அதிர்ந்த முகத்தை மூன்று முறை காட்டத்தான் வேண்டும். இங்கே அழு என்று வெளிப்படையாகச் சொல்வது அந்தக் கலையின் நேர்மை. ஆனால் நினைவு என்று வந்ததும், வீடு, வெளிச்சம், உடை என்ற எல்லா விவரங்களையும் துடைத்துவிட்டு ஒரே நிறத்தைப் பூசிவிடுகிறார்கள். அத்தை கல்யாணப் படத்திலோ தாலி கட்டும் நேரத்தில் பின்னால் ஒரு பெரியவர் காது குடைந்துகொண்டிருக்கிறார். அவரை வெட்டச் சொல்ல அங்கே எந்த இயக்குநரும் இல்லை.

இப்போது அம்பாசமுத்திரத்து வயல்வெளிக்கும் தாமிரபரணிப் படித்துறைக்கும் ஃபிலிம் கேமராவோடு வருகிற இளைஞர்களில் சிலர் தேடுவதும் அந்தத் தொடர் மஞ்சளைத்தான். கோடக் கோல்டு போன்ற ரோல் சற்று மஞ்சள் பக்கம் சாயும் என்பது உண்மையே. மற்றபடி, புதிய ரோலை ஒழுங்காகக் கழுவினால் நாற்று நாற்றின் பச்சையில்தான் வரும். அதன் உண்மையான வலிமையை ஆனித் தேரோட்டத்தன்று பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் வடம் பிடிக்கிறவர்களின் வெள்ளை வேட்டியில், கலர் நெகட்டிவ் மடிப்புகளை விட்டுவிடாமல் வைத்திருக்கும்; வெளிச்சம் ஓரிரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு) கூடிப்போனாலும் தாங்கிக்கொள்ளும். குறைந்தால்தான் நிழல் சேறாகிவிடும். கைபேசியோ நிழலையும் வெயிலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, தேரோட்டத்தின் வெக்கையையே காணாமல் செய்துவிடுகிறது.

எண்பதுகளின் கல்யாணம் ஒன்றைத் தொடரில் காட்ட வேண்டியிருந்தால், சுவருக்கு டியூப் லைட் பச்சையும் மணமக்களின் முகத்துக்கு வீடியோ லைட் ஆரஞ்சும் கொடுத்துப் பார்க்கட்டும். புல்லாங்குழல் வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும்.