மூடுபனி நாளிலும் ஜோசப்சன் பிளாஸ்மா விளிம்பை அளக்கலாம்

வெளியே மேகம் தரையில் படுத்திருக்கும் நாளில் டெராஹெர்ட்ஸ் அளவீடு (நொடிக்கு லட்சம் கோடி முறை அதிரும் அலைகளால் செய்வது) சரிப்படாது என்ற எண்ணம் கொடைக்கானல் மலையில் பலருக்கும் உண்டு. நீராவி அந்த அலைகளை விழுங்கும் என்பது உண்மைதான். ஆனால் 10 டிகிரிக் குளிரில் காற்று முழு ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டரில் 9.4 கிராம் நீராவிதான் நிற்கும். கீழே மதுரையில் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால் அது 18 கிராம். கொடைக்கானல் இந்த வேலைக்கு ஏற்ற ஊர். அலை போகும் பாதையை உலர் நைட்ரஜனால் நிரப்பிவிடுங்கள். 1.67, 1.72 டெராஹெர்ட்ஸில் அலை வலிமையில் வெட்டுகள் தெரிந்தால் அந்தப் பாதையை மூடிய பெட்டிக்குள் இன்னும் நீராவி இருக்கிறது.

நாம் தேடும் ஜோசப்சன் பிளாஸ்மா விளிம்பும், அதாவது மீக்கடத்திப் படிகம் அலையைத் திருப்புவதை விட்டு உள்ளே விடத் தொடங்கும் அதிர்வெண்ணும், அந்தப் பக்கத்தில்தான் வருகிறது. லேந்தனம் ஸ்ட்ரான்சியம் குப்ரேட் என்ற மீக்கடத்தியில் (குளிரில் மின்தடை இல்லாமல் கடத்தும் பொருள்) தாமிர ஆக்சைடுத் தளங்கள் 0.66 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. சுமார் 38 கெல்வினுக்குக் கீழே எலக்ட்ரான் இணைகள் தளம் விட்டுத் தளம் ஊடுருவி, எல்லாத் தளங்களின் இணைகளும் ஒரே அலைவில் சேர்ந்து ஆடுகின்றன. இதுவே ஜோசப்சன் பிளாஸ்மா அலைவு. ஊடுருவல் பலவீனம் என்பதால் அதிர்வெண் மிகத் தாழ்ந்து, மீக்கடத்தியின் ஆற்றல் இடைவெளிக்கும் (இணையை உடைக்கத் தேவையான ஆற்றல்) கீழே வந்துவிடுகிறது. அலைவைத் தணிக்கத் தனி எலக்ட்ரான்கள் குறைவு. சி-அச்சின் (தளங்களுக்குச் செங்குத்தான திசை) காந்தப்புல ஊடுருவல் ஆழம் 5 மைக்ரோமீட்டர், மின்காப்பு மாறிலி 25 என்று வைத்தால் விளிம்பு 1.9 டெராஹெர்ட்ஸில் விழும். அதற்குக் கீழே அலை முழுதாகத் திரும்பும், மேலே உள்ளே போகும். அயனமண்டலம் சிற்றலை வானொலியைத் திருப்பி அனுப்புவதும் இதே இயற்பியல்தான். தமசாகு, நகமுரா, உச்சிடா மூவரும் 1992இல் இந்த விளிம்பை எதிரொளிப்பில் காட்டினார்கள்.

அளவீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் திசைப்பிழை. லாவே படம் (படிகத்தின் திசையைக் காட்டும் எக்ஸ்-கதிர்ப் படம்) எடுத்து, சி-அச்சு முகத்திலேயே கிடக்கும்படி படிகத்தை வெட்டுங்கள். அலையின் மின்புலம் சி-அச்சோடு ஒட்டி நிற்க வேண்டும். 10 டிகிரி விலகினால் ஒளியின் 3 சதவீதம் தளத்துக்குள் ஓடும் மின்னோட்டத்தைச் சந்தித்து, கிட்டத்தட்ட முழுதும் திரும்பிவிடும். விளிம்புக்கு மேலுள்ள பள்ளத்தில் எதிரொளிப்பே சில சதவீதம்தான் என்பதால் பள்ளம் பாதி தூர்ந்துபோகும். 1 டிகிரிக்குள் வந்துவிட்டால் கவலையில்லை. மெருகில் விழும் 1 மைக்ரோமீட்டர் கீறலுக்கும் அஞ்ச வேண்டாம். அலைநீளம் 160 மைக்ரோமீட்டர். முகம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அப்போதும் 0.3 டெராஹெர்ட்ஸுக்குக் கீழே அலை ஓரங்களில் சிதறும், அந்தப் பகுதியை நம்பாதீர்கள்.

அடுத்தது கட்டப்பிழை, அதாவது அலையின் முகடு வரும் நேரத்தில் நேரும் பிழை. படிகத்தின் இடத்தில் வைத்து ஒப்பிடும் கண்ணாடி 10 மைக்ரோமீட்டர் முன்னே பின்னே இருந்தாலே 2 டெராஹெர்ட்ஸில் 48 டிகிரிக் கட்டம் மாறும். கண்ணாடியை விட்டுவிட்டு, அதே படிகத்தின் 45 கெல்வின் அளவீட்டையே ஒப்பீடாக வைப்பது மேல். 50 கெல்வினுக்குக் கீழே தாமிரத் தாங்கி மிகச் சொற்பமாகத்தான் சுருங்கும், அதனால் படிகம் இடம் மாறாது.

திரவ நைட்ரஜனை வைத்து வெப்பமானியைச் சரிபார்ப்பவர்கள் 77 கெல்வின் என்று எழுதிவிடக் கூடாது. 2,300 மீட்டர் உயரத்தில் அது 75 கெல்வினை ஒட்டிக் கொதிக்கும். அன்றைய காற்றழுத்தத்தைப் பார்த்துத் திருத்துங்கள்.

வெப்பம் ஏற ஏற விளிம்பு தாழ்ந்து, 38 கெல்வினில் மறைய வேண்டும். இடம் மாறாமல் சீரான இடைவெளியில் வரும் அலைவரிகள் குளிர்கலனின் சன்னலுக்குள் நடக்கும் எதிரொலி. 1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் என்றால் இடைவெளி சுமார் 70 கிகாஹெர்ட்ஸ். பிஸ்மத் குப்ரேட்டுக்கு இந்த ஏற்பாடு உதவாது. அங்கே காந்தப்புல ஊடுருவல் ஆழம் 100 மைக்ரோமீட்டரைத் தாண்டுவதால் அதிர்வெண் 100 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். அதற்கு மைக்ரோவேவ் குழிவு வேண்டும்.