கேப் துவக்கைக் கல் துவக்காக்கிய பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மாற்றியது சுடும் துவக்கு இல்லை. குழலின் அடிப்பக்கத்தில் இரும்புக் கட்டை இறக்கி, எப்போதோ வெல்ட் பண்ணி அடைத்துவிட்ட பழைய இடியன் அது, குழல் வாயால் மருந்து இடித்து நிரப்பும் வகைத் துவக்கு. மேடையில் தூக்கிக்கொண்டு ஓடத்தான் ஆகும். சுடக்கூடிய இடியன் வைத்திருப்பவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் பழையதுதான், ஆனால் செத்துப்போன சட்டம் இல்லை. அப்படிப்பட்ட துவக்கு வீட்டில் இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு டிரில்லைத் தேட வேண்டாம்.

எங்கள் நாடகம், வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன் பற்றியது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டை விழும் காட்சி. ஒத்திகை பார்க்க வந்த ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் வெள்ளைக்காரச் சிப்பாயின் கையில் இருந்த கேப் துவக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடிபட்டு வெடிக்கும் மருந்துக்குப் போர்சித் பாதிரியார் காப்புரிமை எடுத்ததே 1807இல்தான், அந்த மருந்தை அடைத்த செப்புக் கேப் பரவியது 1820களில், உன் சிப்பாய் இதை எந்தக் கடையில் வாங்கினான் என்று கேட்டார். பதினைந்தாவது வரிசையில் இருப்பவருக்கு எது தெரியப்போகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். நெறியாளர் அண்ணன் கேட்கவில்லை. கல் உரசிப் பொறி பறக்க வேண்டும், அதுவும் இருட்டில் சபைக்குத் தெரிய வேண்டும் என்றார். மருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை, வெடிச்சத்தம் ஸ்பீக்கரில்.

வேலையைவிட அதைத் தூக்கிக்கொண்டு திரிவதுதான் பயம். தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டை, கையில் சாக்குச் சுற்றிய நீளமான பொதி, ஏறுவது ஓட்டோவில். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பொலிஸில் எழுத்தில் சொல்லிவிடுவோம் என்று போனால், பொறுப்பதிகாரி (ஓஐசி) வெளியே, இருந்தவருக்குக் கடிதத்தை வாங்க அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்கு நாடகம் என்றால் டெலிநாடகம். வாங்கிலே இருந்து பின்னேரமாகிவிட்டது. கடைசியில் கடிதத்தின் பிரதியில் ஒரு சீல் கிடைத்தது. அந்தச் சீல் பிறகு ஒரு சோதனைச் சாவடியில் என்னைக் காப்பாற்றியது. கடிதத்தைச் சிங்களத்திலும் எழுதுங்கள், அடைத்த குழலின் படத்தை ஒட்டுங்கள். முக்கியமாக, முழுத் துவக்கையும் ஒன்றாகக் கொண்டுபோக வேண்டாம். பூட்டுத்தகடு, அதாவது அடிக்கும் குதிரையும் அதன் வில்லும் பொருத்திய பக்கத் தகடு, மட்டும் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் அடங்கும். நாள்கணக்கில் அலைய வேண்டியதும் அந்தப் பூட்டுக்காகத்தான்.

வெளிநாட்டிலிருந்து புதுக் கல் பூட்டு எடுப்பிக்கலாமே என்று பலர் கேட்டார்கள். துவக்கின் பாகம் என்று எழுதிய பார்சலுக்குச் சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நல்ல காலம், பூட்டுத்தகட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துருவைத் துடைத்தபோது ஒன்று தெரிந்தது. தகட்டின் முன்பக்கத்தில் ஆணி வைத்து அடைத்து, மட்டமாக அராவிய துளைகளின் வட்டங்கள். கண்ணுக்குச் சரியாகப் படவில்லை, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. அதாவது இந்தத் துவக்கு பிறந்ததே கல் துவக்காகத்தான். கேப் வந்த பிறகு யாரோ மருந்துக் கிண்ணியையும் கல் உரசும் இரும்பு மடலையும் கழற்றிவிட்டு, துளைகளை அடைத்து, குதிரையை மாற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான துவக்குகளுக்கு இதுதான் நடந்தது. எனக்கு அது வரைபடம் கிடைத்த மாதிரி. கிண்ணி எங்கே இருந்தது, மடல் எந்தத் திருகில் ஆடியது, அதன் வில் எங்கே பிடித்திருந்தது என்று அடைத்த துளைகளே காட்டின. பழைய இடியன் கையில் வந்தால் தகட்டைப் பாலிஷ் பண்ண முன் இதைப் பாருங்கள். பாலிஷ் பண்ணினால் அடையாளம் போய்விடும்.

குழல் வேலை லேசு. பக்கவாட்டில் திருகியிருந்த உருளையையும் அதன் மேல் இருந்த, கேப் மாட்டும் முளையையும் எண்ணெய் விட்டு, சூடு காட்டி, ஸ்பானரால் கழற்றினோம். பைப் ரென்ச் போட வேண்டாம், கடித்துவிடும். மிஞ்சிய பெரிய துளைக்கு ஒரு திருகு செய்து இறக்கி, அதன் நடுவில், கிண்ணி நெருப்பு குழலுக்குள் போகும் சிறிய தீத்துளை. துளையின் நடு கிண்ணியின் மேல்விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். லேத் கடைத் தொழிலாளி பாஸ் கண்மட்டத்தில் போட்டதில் அது கிண்ணிக்குள் புதைந்தே போனது. வேறு திருகு கடைந்து சரிப்பண்ணினார். கல்லைக் கவ்வும் ஜவ் உள்ள குதிரையையும் கிண்ணியையும் அதே பாஸ் அழகாகவே செய்து தந்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மடலில்தான் எல்லாம் நாறியது. பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல் சுரண்டி எடுக்கும் இரும்புத் தூள்தான் காற்றில் எரிகிறது. அதனால் மடலின் முகம் கரி கூடிய உருக்காக, நன்றாக இறுகியதாக இருக்க வேண்டும். சாதா இரும்பில் மடல் செய்து, முகத்தில் பழைய அரத்தின் துண்டைப் பதிப்பது என்று முடிவு. கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய சாமான் கடைகளில் தேடி ஒரு தேய்ந்த அரம் எடுத்தேன். கிரைண்டரில் வைத்தபோது பொறி பூவாய் வெடித்தது, நல்ல உருக்கு. அதைச் சூடாக்கி ஆறவிட்டு, வளைத்து, மடலுக்குப் பொருத்தி, திரும்பச் சிவக்கக் காய்ச்சித் தேங்காய் எண்ணெயில் போட்டோம். ஸ்பீக்கர்க் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடு வந்த பிறகு இன்னும் கொஞ்சம் காய்ச்சி இறக்கினால் சரி. வேறு அரத்தால் தேய்த்தால் வழுக்கியது, அதாவது இறுகிவிட்டது. உடையாமல் இருக்க, வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடு காட்டினோம். இவ்வளவும் சரி.

அப்புறம் நான் இல்லாத நேரத்தில் பாஸ் அதைப் பித்தளை ஊற்றி ஒட்டிவிட்டார். "தம்பி, இனி ஆனை இழுத்தாலும் கழராது!" உண்மைதான், கழரவில்லை. பொறியும் வரவில்லை. பித்தளை உருக எண்ணூறு, தொள்ளாயிரம் பாகை வேண்டும். அந்தச் சூட்டில் இறுக்கம் முழுக்கப் போய், அரம் வெறும் இரும்பாகிவிட்டது. நான் காரணம் சொல்ல, அவர் கல்லைக் குறை சொன்னார். குதிரையின் வில்லைக் குறை சொன்னார். வில்லை இன்னும் கடுமையாக்கி, அடிக்க அடிக்கக் கல் நொறுங்கியதுதான் மிச்சம். கூலியில் ஒரு சதம் குறைக்கவில்லை.

வழி காட்டியவர் கொழும்புச் செட்டியார் தெருவில் நகை செய்யும் ஒரு பத்தர். வேறு ஒரு சங்கிலி திருத்தப் போன இடத்தில், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இறுக்கினதுக்குப் பிறகு ஏன் தம்பி இவ்வளவு நெருப்புக் காட்டினவர்? ஈயப்பற்று வைச்சா போதுமே."

அதுதான் விசயம். சாதாரண ஈயப்பற்று 190 பாகைக்குள் உருகிவிடும், வைக்கோல் நிறம் வருவதோ 220 பாகையை ஒட்டி. எனவே இறுக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. புதிய அரத்துண்டை நாங்கள் இறுக்கிக் கொடுக்க, அவர் இரண்டு முகத்தையும் பளிச்சென்று சுரண்டி, அசிட் தடவி, தனித்தனியாக ஈயம் பூசி, பிறகு சேர்த்து அமுக்கி ஊதினார். காசு வேண்டாம் என்றார், நாடகத்துக்கு இரண்டு டிக்கெட் கேட்டார்.

கல்லுக்கும் ஒரு வார்த்தை. ஊர் வெண்கல்லை உடைத்துப் பார்த்தோம், விளிம்பு பொடியாகிறது. லண்டனிலிருந்து வந்த மச்சான் கறுப்புக் கல் கொஞ்சம் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் பிராண்டன் ஊரில் ஒரு காலத்தில் படைக்கே உடைத்துக் கொடுத்த வகைக் கல். ஜவ்வில் வெறுமனே இறுக்க வேண்டாம், தோல் துண்டில் சுற்றி இறுக்குங்கள். விளிம்பு மடலின் மேல் மூன்றிலொரு பங்கு அளவில் பட்டு, கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டு போக வேண்டும். நேரே குத்தினால் கல்லும் கெடும், மடலும் கெடும். கல்லைக் கவிழ்த்துப் போட்டும் பாருங்கள், எங்களுக்குக் கவிழ்த்ததில்தான் பொறி கொட்டியது. கற்சில்லு கண்ணுக்குப் பறக்கும் என்பதால் சிப்பாய் வேசக்காரர் முகத்தைத் திருப்பி இழுக்கப் பழகிக்கொண்டார்.

கழற்றிய பழைய பாகங்களை எறிய வேண்டாம். துவக்குக்குச் சொந்தக்காரர் நாளைக்குத் திரும்பக் கேப் துவக்காக்கித் தா என்று கேட்கலாம். எங்களுடைய உருளையும் முளையும் இன்னும் லேத் கடையில்தான். போகும்போதெல்லாம் பாஸ் "தேடித் தாறன்" என்கிறார்.