கழற்றிப் போட்ட ஆல்டர்னேட்டர்

மூன்றாவது தடவை அந்த விமானத்தின் எஞ்சின் மூடியைக் கழற்றியபோதுதான் அந்த ஒயரைக் கையால் தடவிச் சோதித்தேன். அதற்கு முன் இரண்டு தடவையும் கழற்றி மாட்டினேனே தவிர, கண்ணால் பார்த்ததோடு சரி. பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு டெர்மினலுக்கு, அதாவது உள்ளே இருக்கிற காந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கிற முனைக்கு, போகிற மெல்லிய ஒயர் அது. டெர்மினலுக்கு அரை அங்குலம் முன்னால், ஓர் இடத்தில் மட்டும் நனைந்த நூல் மாதிரி துவண்டு மடிந்தது. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. பிளேடால் உறையை வகுந்தேன். உள்ளே 19 இழைகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை. எல்லாம் அறுந்து, முனை கறுத்து, ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன.

அதற்குள் இரண்டு மாதத்தில் இரண்டு ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தேன்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், வில்லாமெட் பள்ளத்தாக்கில் இருக்கிற ஒரு சின்ன விமானத்தளத்தில் மெக்கானிக் வேலை எனக்கு. எங்கள் ஹாங்கருக்கு, அதாவது விமானக் கொட்டகைக்கு, வருகிறவற்றில் பாதிக்குமேல் வீட்டில் கட்டிய விமானங்கள். ஆர்வி வரிசை விமானங்களுக்கு உதிரிப் பாகங்களைத் தொகுப்பாக விற்கிற வேன்ஸ் நிறுவனம் இதே பள்ளத்தாக்கில் அரோராவில் இருப்பதால் ஆர்வி-6, ஆர்வி-7 எல்லாம் இங்கே அடிக்கடி கண்ணில் படும். கட்டியவரே பழுதும் பார்த்துக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் சோதனையில் மட்டும் கையெழுத்துப் போட, கட்டியவரிடம் அந்த விமானத்துக்கான சான்றிதழ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் போன்ற உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும்.

நான் சொல்கிற ஆர்வி-7 ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து 8 வருஷம் கட்டியிருக்கிறார். பேர் சொல்லியே கூப்பிடு என்பார். எனக்கு வாய் வராது, ‘சார்’ என்றுதான் வரும்.

செப்டம்பர் மாதம் ஒரு சாயங்காலம், பெண்ட் ஊரிலிருந்து காஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டித் திரும்பி வந்துகொண்டிருந்தார். 14.2 காட்டிக்கொண்டிருந்த வோல்ட் மீட்டர் 12.4-க்கு இறங்கி, எச்சரிக்கை விளக்கு மின்ன ஆரம்பித்தது. ஆல்டர்னேட்டர் நின்றாலும் அவருடைய லைகமிங் எஞ்சின் நிற்காது. இரண்டு மேக்னெட்டோவும் பேட்டரியை நம்பாமல் தாமாகவே பொறி கொடுப்பவை. தேவையில்லாததை எல்லாம் அணைத்துவிட்டு, இருட்டுவதற்குள் வந்து இறங்கிவிட்டார்.

மறுநாள் நான் பார்த்தபோது சார்ஜ் வருவதும் போவதுமாக இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஃபீல்டு டெர்மினலிலிருந்து ஒயரைக் கழற்றி அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பிரேக்கரும் விழவில்லை. அப்படியானால் ஒயர் சரி, வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் சரி, ஆல்டர்னேட்டர்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். புதுசு மாட்டியதும் முள் 14.2-இல் போய் நின்றது. எனக்குத் திருப்தி.

மல்டிமீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஒயருக்குள் ஒரே ஓர் இழையின் அறுந்த முனை லேசாக உரசிக்கொண்டிருந்தால்கூட முழு வோல்ட்டையும் காட்டிவிடும். ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு சுருளுக்கோ இரண்டு மூன்று ஆம்பியர் வேண்டும், அதுவும் எஞ்சின் அதிர்கிற அதிர்வில் விட்டுவிடாமல் வேண்டும். புதுசு மாட்டும்போது நான் அந்த ஒயரை இழுத்து, வளைத்து, மறுபடி செருகினேன். அறுந்த முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. சார்ஜ் வந்தது அதனால்தான். புது ஆல்டர்னேட்டர் மாட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மின்விளக்கு பல்பு ஒன்றைச் சுமையாகக் கோத்து அளந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

ஐந்து வாரம் கழித்து மறுபடி அதே கதை. இந்த முறை ஆல்டர்னேட்டர் செய்த கம்பெனியைக் குறை சொன்னேன். வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். அது மூன்று வாரம் ஓடியது.

சார் கோபப்படவில்லை. ஹாங்கர் வாசலில் நின்றுகொண்டு, “மூன்றுமா கெட்டுப்போயிருக்கும்?” என்று மட்டும் கேட்டார். கணக்கு வாத்தியார் கேட்கிற தொனியிலேயே இருந்தது. முதலில் கழற்றிய பழையது அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கார் உதிரிப் பாகக் கடைக்குப் போனேன். இங்கே பல கடைகளில் காசில்லாமல் சோதித்துக் கொடுப்பார்கள். இயந்திரத்தில் பூட்டி ஓட்டினார்கள். வோல்ட், ஆம்பியர் எல்லாம் வர வேண்டிய அளவுக்கு வந்தது. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்து வந்தது இன்னும் மறக்கவில்லை. நேராக ஹாங்கருக்கு வந்து மூடியைக் கழற்றி, ஒயரைத் தொட்டேன்.

லாரிப் பட்டறைகளில் டைனமோ என்கிறோமே, இங்கே மாட்டுவதும் அந்தச் சாதிதான். வீட்டில் கட்டும் விமானங்களில் ஜப்பான் கார்களுக்குச் செய்த ஆல்டர்னேட்டரையே பலர் மாட்டியிருக்கிறார்கள், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் மாட்டுகிற இடம் வேறு. நான்கே சிலிண்டர், ஒவ்வொன்றும் ஓங்கி அடிக்கும். பெரிய புல்லியிலிருந்து சின்னப் புல்லிக்குப் பெல்ட் ஓடுவதால், எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றும்போது ஆல்டர்னேட்டர் 7,000-க்கு மேல் சுற்றும். தரையிறங்கி எஞ்சினை அணைத்த பிறகு காற்றோட்டம் நின்று, மூடிக்குள் சூடு இன்னும் ஏறும். ஆயில் பார்க்கிற சின்னக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுவேன்.

ஆல்டர்னேட்டரே கெடுவதும் உண்டு. டையோடு போனால் ஹெட்செட்டில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிற ஓர் இரைச்சல் கேட்கும். கார்பன் பிரஷ் தேயும், பேரிங் முனகும். ஆனால் ‘ஆல்டர்னேட்டர் போச்சு’ என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலும் கோளாறு அதைச் சுற்றித்தான் இருந்தது: தளர்ந்த நட்டு, விரிசல் விட்ட தாங்கி, நான் பார்த்த மாதிரி அறுந்த ஒயர், வழுக்குகிற பெல்ட்.

பெல்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லைகமிங்கில் அது புரொப்பெல்லருக்குப் பின்னால், ஸ்டார்ட்டர் பல்சக்கரத்தோடு சேர்ந்த புல்லியில் ஓடுகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றப் பெல்ட்டைத் தளர்த்தினால் போதும். பெல்ட்டையே மாற்றப் புரொப்பெல்லரைக் கழற்றியாக வேண்டும். அதற்காகவே சிலர் புரொப்பெல்லர் மாட்டும்போது இன்னொரு பெல்ட்டையும் உள்ளே போட்டு ஓரமாகக் கட்டி வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டு அறுந்தால் அந்தப் பெல்ட் ஓடுகிற பெல்ட்டிலேயே போய்ச் சிக்கும்.

கான்சாஸ் மாநிலத்துக்காரர் பாப் நக்கோல்ஸ், வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக மின்சாரப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். எந்தப் பாகமும் ஒருநாள் நிற்கும், நின்றாலும் பயணம் முடிகிற மாதிரி ஒயரிங் செய் என்பது அவருடைய வாதம். அவசியமான சிலவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு ‘பஸ்’, அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பட்டை, வைத்து, அதற்கு பேட்டரியிலிருந்தே நேராக ஒரு சுவிட்ச் கொடுக்கச் சொல்வார். சாருடைய விமானத்தில் அந்த ஏற்பாடு இருந்தது. கட்டும்போதே யோசித்துச் செய்திருந்தார்.

ஆனால் பேட்டரியை யாரும் சோதிக்கவில்லை. நானும்தான். அது 16 ஆம்பியர்-மணி பேட்டரி, 5 வயசு. அவருக்கு அவசியமானது ரேடியோ, ரேடாருக்குப் பதில் அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர், ஒரு திரை. எல்லாம் சேர்த்து 4 ஆம்பியர். ஏட்டுக் கணக்குப்படி 4 மணி நேரம் தாங்க வேண்டும். வயசுக்குத் தள்ளுபடி போட்டு 2 மணி நேரமாவது வரும் என்று எதிர்பார்த்தோம். அதே அளவு சுமையை மாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். 50 நிமிடத்தில் 11 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. சார் ஒன்றும் பேசவில்லை. அந்த வருஷம் ஒரு மேக்னெட்டோவை எடுத்துவிட்டு, பேட்டரியை நம்பிப் பொறி கொடுக்கிற எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதாக இருந்தார். பேட்டரியை வருடா வருடம் இப்படிச் சோதிக்கிற வழக்கம் வந்த பிறகு செய்யலாம் என்று தள்ளி வைத்தார். போடும்போது வாக்குவம் பம்ப் இருக்கும் இடத்தில் மாட்டுகிற 8 ஆம்பியர் சின்ன ஆல்டர்னேட்டரையும் சேர்த்துப் போடுவதாகப் பேச்சு.

ஒயரைப் புதுசாக இழுத்தேன். உறையையும் சேர்த்துப் பிடிக்கிற டெர்மினல் போட்டு, பிடி முழுசாக இறங்கினால்தான் விடுகிற கிரிம்பிங் கருவியால் அழுத்தினேன். அப்புறம் இழுத்துப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன். டெர்மினலிலிருந்து மூன்று அங்குலத்துக்குள் ஒயரை ஆல்டர்னேட்டரின் தாங்கியிலேயே கிளாம்ப் வைத்துப் பிடித்தேன். முன்பு அதை எஞ்சினைத் தாங்குகிற சட்டத்தில் கட்டியிருந்தார்கள். எஞ்சின் ஆடும், சட்டம் ஆடாது. நடுவில் மாட்டிய ஒயர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதே அரை அங்குலத்தில் மடிந்து நிமிர்ந்திருக்கிறது.

எந்த ஆல்டர்னேட்டரை மாட்டுவது என்று கேட்டேன். சார் அலமாரியைக் காட்டினார். முதலில் நான் கழற்றிப் போட்டதையே துடைத்து மாட்டினோம். முதல் தடவை வாங்கிய கூலியையும் புது ஆல்டர்னேட்டரின் விலையையும் திருப்பிக் கொடுத்தேன். கூலியை வாங்கிக்கொண்டார். ஆல்டர்னேட்டருக்குப் பணம் வேண்டாம், அது என் ஹாங்கரில் ஸ்பேராக இருக்கட்டும் என்றார். பெட்டியோடு அந்த அலமாரியில்தான் இருக்கிறது. பழையது 300 மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது.