இரண்டு மில்லிமீட்டர் சிலந்தியும் மூன்று சென்னைப் பயணமும்

மார்கழிப் பனியில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் கழனியில் மாட்டுக் குளம்படிப் பள்ளங்களை உட்கார்ந்து பாருங்கள். ஒரு ரூபாய் அகலத்துக்கு வலை விரிந்திருக்கும். வெயில் ஏறிப் பனி காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு அதைக் கட்டிய குட்டிச் சிலந்தியை எடுத்ததுதான் நான் செய்த தப்பு.

சிலந்தி தெரிந்தவர்களுக்குப் போட்டோ அனுப்பினேன். விரிப்பு வலை என்றதுமே "லினிஃபிடே" குடும்பம் என்றார்கள். நம்பி ஒரு மாதம் போச்சு.

சரி, சென்னையில் ஒரு நிபுணரிடம் நேரிலேயே காட்டலாம் என்று நாலு சிலந்தியோடு காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினேன். நிபுணர் மைக்ரோஸ்கோப்பில் ஒரு நிமிடம்தான் பார்த்தார். "நாலும் குஞ்சும்மா." ஆணின் பெடிபால்ப் (முகத்தருகே இருக்கும் குட்டிக் கால் மாதிரி உறுப்பு), பெண்ணின் எபிஜைன் (வயிற்றடியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பு) இரண்டில் ஒன்றாவது முதிர்ந்திருந்தால்தான் இனம் சொல்ல முடியுமாம். புறப்படும் முன்னே ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?

இரண்டாவது தடவை முதிர்ந்த பெண்ணே கிடைத்தது. ஆனால் லேபிளைப் பேனாவில் எழுதிக் குப்பிக்குள் போட்டிருந்தேன். ஆல்கஹாலில் மை கரைந்து ஊதாத் தண்ணீர்! இடமும் தேதியும் இல்லாத மாதிரியை யாரும் தொட மாட்டார்கள். பென்சிலில் எழுதுங்கள், பென்சிலில் மட்டும்.

மூன்றாவது தடவை வயிற்று நுனியைத் திருப்பிக் காட்டினார். நூல் விடும் ஆறு ஸ்பின்னரெட்டும் குறுக்கே ஒரே வரிசையில், சீப்புப் பல் மாதிரி. லினிஃபிடே இல்லை, ஹானியிடே குடும்பம்! ரயில் காசு அந்த நொடியே வசூலாகிவிட்டது.

குடும்பத்துக்குள் எந்தப் பேரினம் (ஜீனஸ்) என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். ஹானியா என்ற பேரினத்துக்கு 1841-இல் ஜெர்மன் சிலந்தி ஆய்வாளர் கோக் பெயர் வைத்தார். அப்புறம் வந்தவர்கள் கண்ட குட்டிச் சிலந்தியை எல்லாம் அதற்குள் போட, பல இனங்களைப் பின்னால் வேறு பேரினங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சிலவற்றுக்குப் பெண் மட்டுமே தெரியும், சிலவற்றுக்கு ஆண் மட்டுமே. ஒப்பிட எடுத்தவற்றில் ஒன்று 1970-இல் இந்தியச் சிலந்தி ஆய்வாளர் டிகாதர் சிக்கிமிலிருந்து விவரித்த ஹானியா மிருதுளே. சிக்கிம் எங்கே, அணைக்கட்டு எங்கே! ஆண் கிடைக்காமல் பேரினம் சொல்ல முடியாது என்று நிபுணர் கையை விரித்துவிட்டார்.

"ஹானியா?" என்று கேள்விக்குறியோடு எழுதிக் கொடுத்தேன். வைவாவில் கேட்பார்கள், குறியை எடுத்துவிடு என்றார் கைடு. எடுக்கவில்லை.

அலையும் ஆண் விழட்டும் என்று வரப்போரம் பிளாஸ்டிக் டம்ளர்களை மண்மட்டத்துக்குப் புதைத்து வைத்திருக்கிறேன். இதுவரை விழுந்தது எறும்பும் ஒரு தேரைக் குஞ்சும்தான்.