வாக்ஸஹாச்சி நீதிமன்றம்: காதல் கதையை விடுங்கள், கட்டடத்தைப் பாருங்கள்

இணையத்தில் பதிவு செய்தபோது நாளொன்றுக்கு 38 டாலர் என்று காட்டிய வாடகைக் கார், டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸில் சாவியைக் கையில் வாங்கும் நேரத்தில் காப்பீடு, சுங்கக் கருவி, இன்னதென்று விளங்காத மேலும் இரண்டு கட்டணங்கள் என்று ஏறிக்கொண்டே போய் 90 டாலரைத் தாண்டி நின்றது. நான் போகும் சாலையில் சுங்கச்சாவடியே இல்லை என்று கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டியும் அங்கிருந்த ஊழியர் சிரித்த முகத்தோடு மறுத்துவிட்டார். இது பகல் கொள்ளை. ஆனாலும் டல்லாஸுக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வாக்ஸஹாச்சிக்குக் கார் இல்லாமல் போய்வருவது பெரும்பாடு என்பதால், ரூபாயில் பெருக்கிப் பார்த்து வயிறெரிந்தபடியே கையெழுத்திட்டேன்.

எல்லிஸ் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தலைநகரான அந்தச் சிற்றூரின் நடுச் சதுக்கத்தில், சுற்றிலும் இரண்டு மாடிச் செங்கல் கடைகள் அடக்கமாக நிற்க, 1895-இல் தொடங்கி 1897-இல் முடிக்கப்பட்ட நீதிமன்றம் கோபுரமும் கூம்புக் கூரைகளுமாக எழுந்து நிற்கிறது. சாம்பல் நிறக் கருங்கல், இளஞ்சிவப்புக் கருங்கல், பேக்கோஸ் பகுதியிலிருந்து வந்த செம்மணற்கல் என மூன்று நிறக் கற்களை இழைத்துக் கட்டியிருக்கிறார்கள். வாசல் மண்டபத் தூண்களை மட்டும் கண்ணாடிபோல் மெருகேற்றிவிட்டு, மற்றச் சுவர்களைக் கொத்திய முகத்தோடு கரடுமுரடாக விட்டிருப்பதால், வெயில் சாயும்போது ஒவ்வொரு கல்லுக்கும் தனி நிழல் விழுகிறது.

இத்தனை சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. டெக்சாஸில் இருக்கும் 254 கவுண்டிகளிலும் நிலப்பத்திரம், வரி, திருமண உரிமம், வழக்கு ஆகிய அனைத்தும் அந்தந்தக் கவுண்டியின் தலைநகரைச் சுற்றியே நடந்தன என்பதால், நீதிமன்றத்தின் உயரமே ஊரின் மானமாகக் கருதப்பட்டது. 1881-இல் இயற்றப்பட்ட சட்டம் கடன்பத்திரம் வெளியிட்டு நீதிமன்றம் கட்டிக்கொள்ள வழி செய்தவுடன் கவுண்டிகள் போட்டி போட்டுக்கொண்டு கட்டத் தொடங்கின. இன்னொரு விடை பருத்தி. கரிசல் மண்ணில் பருத்தி விளைந்து பணம் புழங்கிய காலம் அது. எல்லிஸ் கவுண்டியால் அந்தக் கடனைத் துணிந்து வாங்க முடிந்தது.

இனி இந்தக் கட்டடத்துக்குப் புகழ் தேடித்தந்த கல் முகங்கள். வாசல் தூண்களின் தலைப்பகுதியில் செம்மணற்கல் இலைகளுக்கு நடுவே மனித முகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சில முகங்கள் சாந்தமாக இருக்க, வேறு சில கண் பிதுங்கி, வாய் கோணி, பல்லை இளித்துக்கொண்டு நம்மைப் பயமுறுத்துகின்றன. ஹாரி ஹெர்லி என்ற சிற்பி, தான் தங்கியிருந்த விடுதியின் உரிமையாளர் மகள் மேபல் ஃப்ரேமைக் காதலித்து முதலில் அவள் முகத்தை அழகாகச் செதுக்கினார் என்றும், அவள் மறுக்க மறுக்க அதே முகத்தை விகாரமாக்கிக்கொண்டே போனார் என்றும் ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். பழைய ஆவணங்களைத் துருவிய வரலாற்றாளர்கள் இதை நம்பவில்லை, நானும் நம்பவில்லை. கட்டடத்தின் பாணி ரோமனெஸ்க் மறுமலர்ச்சி. அரைவட்ட வளைவுகளும் முரட்டுக் கற்களும் இடைக்காலத் தேவாலயங்களிலிருந்து கடன் வாங்கிய விகார முகங்களும் அந்தப் பாணியின் இலக்கணத்திலேயே அடங்கியவை. பிட்ஸ்பர்க்கில் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்து 1888-இல் முடிந்த அலெகெனி கவுண்டி நீதிமன்றத்துக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் பரவிய மோகம் இது. ஒரு பெண்ணின் பெயரை நூறாண்டுக்கு மேலாக இப்படி இழுத்துத் திரிவது எனக்கு எரிச்சலையே தந்தது.

முகங்களைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உள்ளே நுழையாமல் விடுவதுதான் பெரிய நஷ்டம். கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ரைலி கார்டன் டெக்சாஸில் 18 நீதிமன்றங்களை வடிவமைத்தார். அவற்றில் 12 இன்றும் நிற்கின்றன. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் டெக்சாஸ் கோடையை எப்படித் தாங்குவது என்ற கணக்கை அவர் தரைத்திட்டத்திலேயே போட்டிருக்கிறார். கட்டடத்தைச் சிலுவை வடிவில் அமைத்து, சிலுவையின் கைகள் சேரும் நான்கு உள்மூலைகளிலும் நிழலான வாசல் மண்டபங்களை வைத்து, நடுவில் படிக்கட்டைச் சுற்றிக்கொண்டு மேலேறும் வெற்றிடத்தைக் கோபுரத்தோடு இணைத்துவிட்டார். மூலை மண்டபங்கள் வழியே நுழையும் காற்று, சூடேறி, கோபுரத்தின் வழியே மேலே இழுக்கப்பட்டு வெளியேறும். செட்டிநாட்டு வீட்டு முற்றம் செய்யும் வேலையை இங்கே ஒரு கோபுரம் செய்கிறது. ஆகஸ்ட் வெயிலில் சதுக்கத்தைக் கடந்து வந்து அந்த மூலை மண்டபத்தின் கல் படியில் உட்கார்ந்தபோது கார்டனுக்கு மனமார நன்றி சொன்னேன்.

மதியச் சாப்பாட்டுக்குச் சதுக்கத்தை ஒட்டிய ஒரு சிறு உணவகத்தில் கெளுத்தி மீன் கேட்டேன். சோளமாவில் புரட்டிப் பொரித்த மீன், வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சுபோலவும், கொஞ்சம் மிளகாய்த்தூள் இருந்திருந்தால் ஊர்ச் சாப்பாடு என்றே சொல்லியிருப்பேன். அளவும் தாராளம், ஒரு தட்டை இருவர் தாராளமாகப் பகிர்ந்து உண்ணலாம், செலவும் பாதியாகும். பீக்கான் கொட்டை வைத்துச் சுடும் ‘பை’ (pie) என்ற இனிப்புக்கும் வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். தித்திப்பு அதிகம்தான், ஆனால் கடைசித் துண்டை விட மனம் வராது.

டெக்சாஸ் வரலாற்று ஆணையம் 1999-இல் தொடங்கிய நீதிமன்றப் பாதுகாப்புத் திட்டத்தின் உதவியோடு இந்தக் கட்டடத்தைப் புதுப்பித்து 2002-இல் மீண்டும் திறந்தார்கள். வெளியே சுற்றிவர நுழைவுக் கட்டணம் ஏதுமில்லை என்பது என் பணப்பைக்கு அன்று கிடைத்த ஒரே ஆறுதல். உள்ளே போக விரும்புகிறவர்கள் அலுவலகம் திறந்திருக்கும் வார நாளில் போங்கள். கார்டனின் கை இன்னும் பிடித்துப்போனால், ஃபோர்ட் வொர்த்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் டிகேட்டர் என்ற ஊரில், இதன் இரட்டைப் பிறவி போன்ற வைஸ் கவுண்டி நீதிமன்றம் இளஞ்சிவப்புக் கருங்கல்லில் நிற்கிறது.